பிள்ளை பெற்ற காடு

கேமராவின் முதுகில் இருக்கும் சின்னத் திரையில் தெரிந்த படத்தை, அழகுத்தாய் தன் போனால் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கேமராவிலிருந்து போனுக்குப் படத்தை நேராக அனுப்ப ஒரு வழி உண்டு. மருமகன் அதைப் பலமுறை சொல்லிக்கொடுத்தும் பார்த்துவிட்டான். ஒவ்வொரு முறையும் அவள் மண்டையை மண்டையை ஆட்டினாளே தவிர உள்ளே ஒன்றும் ஏறவில்லை. மறுபடி கேட்க வெட்கம். அதனால் இப்படி, படத்தையே ஒரு படம் எடுத்து, அதில் தேயிலைக் கறை ஏறிய தன் கட்டைவிரல் நகமும் எஸ்டேட் லயத்து வீட்டு ட்யூப் லைட்டும் சேர்ந்து விழ, வாட்ஸப்பில் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்கு அனுப்பிவைப்பாள். அங்கே மருமகன் பூபதிராஜா ஷிப்ட் முடிந்து வந்து, நகத்தையும் லைட்டையும் ஒதுக்கிவிட்டு மீதியைப் பார்த்துக் கருத்துச் சொல்லுவான்.

கொழுந்து எடுக்கிறவளுக்குக் கேமரா எதற்கு என்று லயத்தில் கேட்காத ஆள் இல்லை. பொங்கலுக்கு அழகுத்தாயின் மகள் மோனிஷாவோடு மூணாறு மலை மேல் மாட்டுப்பட்டிக்கு வந்த பூபதிராஜா, தான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதாகச் சொல்லி, பழையதை மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். வறண்ட காற்றும் கம்பெனிப் புகையுமாக வளர்ந்தவன். மலைக்கு வந்த மூன்று நாளும் வாயைப் பிளந்துகொண்டே திரிந்தான். "ஏனுங்க அத்தை, உங்கூர்ல எந்தப் பக்கம் திரும்புனாலும் படமா இருக்குதுங்க. பாக்கறதுக்குத்தான் ஆளில்லை" என்றான். மருமகன் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டறியாத அழகுத்தாய், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே அந்தக் கேமராவை வாங்கிக்கொண்டாள். நேரில் நாலு வார்த்தை பேசத் தெரியாத இருவரும் அதற்குப் பிறகு போனில் ஒளியும் நிழலுமாகப் பேசித் தீர்த்தார்கள். மோனிஷா சிரித்துக்கொண்டு, "கட்டுன பொண்டாட்டிட்ட இவ்வளவு பேசுனதில்ல இந்த மனுஷன்" என்பாள்.

முதலில் எடுத்ததெல்லாம் தலையில்லாத ஆட்கள், பாதிக் கோழி, ஆடிப்போன மரம். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. மழை விட்டதும் வெளிச்சம் வானத்திலிருந்து வருவதில்லை, நனைந்த இலைகளின் மேலிருந்துதான் எழும்பி வருகிறது என்று கண்டுகொண்டாள். மூடுபனியைத் துரத்திப்போனால் ஒன்றும் சிக்காது, ஓரிடத்தில் நின்றால் அதுவே வந்து தன்னைக் காட்டிவிட்டுப் போகும். முப்பது வருஷமாக அதே தேயிலைக் காட்டில்தான் குனிந்து நிமிர்ந்தாள். ஆனால் கை போகிற இடத்தில் மட்டுமே கண் போயிருக்கிறது. இப்போது கேமராவைத் தூக்கியதும் கண் தனியாக நடக்க ஆரம்பித்தது.

"மனசுல என்ன பட்டுதோ அதை எடுங்க அத்தை. அழகா இருக்கறதை எடுத்தா அது அழகா மட்டுந்தான் இருக்கும்" என்று ஒருநாள் மருமகன் சொன்னான். அன்று சாயங்காலம் அவள், செத்துப்போன புருஷன் நல்லமுத்துவின் மழைக்கோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது அது. அவன் தோள் இருந்த வாட்டத்திலேயே இன்னும் தோள் வைத்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மோனிஷா கூப்பிட்டாள். பேசவில்லை, அழுதாள். ஒரு வார்த்தை சொல்லாமல் ஒன்றைச் சொல்லிவிட முடியும் என்று அழகுத்தாய்க்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளை யாரும் எதற்கும் மெச்சியதில்லை. கொழுந்தெடுப்பவளுக்கு மெச்சல் என்பது தராசில் முள் ஏறுவதுதான். ஆகவே மருமகன் "அருமைங்க அத்தை" என்று அனுப்புகிற ஒற்றை வரிக்காக நாள் முழுக்கக் காத்திருக்கப் பழகினாள். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

வைகாசி மழைக்கு முன்னால் ஒரு காலை, பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி வந்து அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் எஸ்டேட்டில் ஒன்றாகப் பேர் பதிந்து ஒன்றாகக் கொழுந்தெடுத்து வருகிறவர்கள்.

"ஒம்பதாம் காட்டுல பெரியம்மாவுக்குப் பிரசவமாயிருக்கு" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அழகுத்தாய்க்குப் புரிந்தது. எஸ்டேட்டில் பெண்கள் காட்டுக்குள் நின்றுகொண்டு யானை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆணென்றால் பெரியவர், பெண்ணென்றால் பெரியம்மா. தேயிலைக்குள் யானை குட்டி போட்டுவிட்டால் அது பிள்ளை பெற்ற காடு. பிள்ளை பெற்ற வீட்டுக்குள் கண்டவர் நுழையக் கூடாது என்பதுபோல, அந்தக் காட்டுக்குள்ளும் யாரும் போகக் கூடாது. வாசலில் செருகும் வேப்பிலைக்கு இந்தக் குளிரில் எங்கே போவது? சில்வர் ஓக் கொப்பு ஒன்றை ஒடித்துப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்தால் சூப்பர்வைசர்கூட ஒன்றும் கேட்காமல் வேறு காட்டுக்கு ஆளைத் திருப்பிவிடுவார். குட்டிக்குக் கால் உறைத்து, கூட்டம் தானாகச் சோலைக்குள் ஏறிப்போகும்வரை செய்தி பெண்களின் வாயை விட்டு வெளியே வராது. குடிக்கிற ஆண்களிடம் சொல்ல மாட்டார்கள். ஜீப் ஓட்டுகிற பிள்ளைகளிடம் சொல்லவே மாட்டார்கள். முத்துப்பேச்சியின் மகன் சதீஷ் விடிவதற்கு முன்னால் சுற்றுலாக்காரர்களைச் சூரியோதயம் காட்டக் கூட்டிப்போகிறவன். பெற்ற மகனிடமே அவள் மூச்சு விட்டிருக்கவில்லை.

"ஒருதரம் பாத்துட்டு வந்துருவோம்டி" என்று அழகுத்தாய் கெஞ்சினாள். ஓடைக்கு இந்தப் பக்கம் உள்ள பாறை மேலிருந்து பார்த்தால் அவர்களுக்குத் தொந்தரவில்லை. முத்துப்பேச்சி அரை மனதாகக் கூட்டிப்போனாள். பாறையில் ஏறியதும் அழகுத்தாய் கொழுந்துப் பைக்குள்ளிருந்து கேமராவை எடுத்தாள்.

"இத எதுக்குக் கொண்டாந்த?"

"எனக்குத்தான். ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன்."

முத்துப்பேச்சி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கீழே பெரியம்மா நின்றாள். சுற்றிலும் யானைக் கூட்டத்தில் நாலைந்து பேர் காவல். குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே, வெளியே வரலாமா வேண்டாமா என்று நின்றது. உடம்பெல்லாம் செம்பட்டை மயிர். தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதுவே அதை மிதித்துக்கொண்டது. பார்த்ததும் அழகுத்தாயின் நெஞ்சில் ஏதோ இளகியது. மோனிஷாவை முதன்முதலாக ஆஸ்பத்திரியில் துணியோடு வாங்கிய கையால் இப்போது கேமராவைத் தூக்கினாள். பல படம் எடுத்தாள். எதிலும் குட்டி குட்டியாகத் தெரியவில்லை. பெரியவர்கள் பக்கத்தில் அது ஒரு கறுப்புப் பொட்டாக இருந்தது, அவ்வளவுதான். அப்போது மருமகனின் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்று எவ்வளவு பெரிது எவ்வளவு சிறிது என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டுமானால், அளவு தெரிந்த பொருள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். தாய்க்குச் சற்றுத் தள்ளிக் காட்டின் நம்பர் கல் நின்றிருந்தது. வெள்ளையடித்து, சிவப்பில் டிவிஷன் எழுத்தும் ஒன்பது என்ற எண்ணும் எழுதிய தொடை உயரக் கல். அழகுத்தாய் காத்திருந்தாள். குட்டி தடுமாறித் தடுமாறி வந்து அந்தக் கல்லில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கல்லைவிடக் கொஞ்சம்தான் உயரம். மூச்சை அடக்கி, விரலை அழுத்தினாள். எடுத்த நொடியிலேயே தெரிந்துவிட்டது, இதுதான் என்று.

அன்றும் மறுநாளும் அந்தப் படத்தை அவளே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள். சோறு வடிக்கும்போது பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தாள். நல்ல படத்தைத் தனியாகப் பார்ப்பது, பலகாரத்தைக் கதவடைத்துக்கொண்டு தின்பதுபோல இருந்தது. மருமகனுக்குக் காட்டினால் அது காட்டிய கணக்கில் வருமா? அவன் வீட்டு மனுஷன் அல்லவா? இப்படித்தான் ஆளாளுக்கு ஒரு நியாயம் கைவசம் இருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் அனுப்பிவிட்டாள்.

பூபதிராஜா உடனே கூப்பிட்டான். "அத்தை, இதை நீங்களா எடுத்தீங்க? நகமும் லைட்டும் உழுந்தா வீணாப் போயிருமுங்க. நேரா அனுப்புங்க. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க" என்றான். ஒவ்வொரு பொத்தானாக அவன் சொல்ல, இத்தனை நாள் ஏறாதது அன்றைக்குப் பார்த்து அவள் மண்டையில் ஏறியது. படம் பளிங்குபோல அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"ஸ்டேட்டஸ்ல போடட்டுங்களா அத்தை? எங்க அத்தை எடுத்ததுன்னு எழுதிப் போடறனுங்க."

வேண்டாம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. முத்துப்பேச்சி பாறையில் உட்கார்ந்திருந்த விதமும் கூடவே வந்தது. ஆனால் கஞ்சிக்கோடு எங்கே, மாட்டுப்பட்டி எங்கே? அங்கே இருப்பவர்களெல்லாம் இரும்புக் கம்பெனிக்காரர்களும் இந்தி பேசுகிற பையன்களும். அவர்களுக்கு இந்த மலை எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது. பின்னாலிருந்து மோனிஷா, "சரின்னு சொல்லும்மா, எங்க கம்பெனில எல்லாருக்கும் காட்டணும்" என்று கத்துவது கேட்டது. எங்க அத்தை எடுத்தது. எங்க அம்மா எடுத்தது.

"போடுங்க மாப்ள" என்றாள்.

அன்றைக்குப் போன் ஓயவில்லை. பேர் தெரியாதவர்கள் இதயமும் கும்பிடும் அனுப்பினார்கள். மோனிஷாவோடு வேலை பார்க்கும் ஒடிசாப் பெண்கள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். சம்பந்தி வீட்டில் கமலாத்தாள் அம்மாவே போனை வாங்கி, "ஏனுங்க சம்பந்தி, உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடோணும்" என்று சொன்னாள். கல்யாணத்தின்போது லயத்துக்காரி என்று ஒரு பார்வை பார்த்தவள் அவள். அழகுத்தாய் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒருநாளும் படுத்ததில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதுதான் பிறகு அவளால் தாங்க முடியாமல் போனது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்தக் காலத்தில் ஊருக்கு வாயே வேண்டாம், விரல் போதும். ஸ்டேட்டஸில் இருந்ததை ஒருவன் எடுத்து இன்னொருவனுக்கு அனுப்ப, அவன் பாட்டுச் சேர்த்து ரீலாக விட, அது சுற்றிச் சுற்றி மூணாறு ஜீப்காரர்களின் குரூப்புக்கே வந்து சேர்ந்தது. உலகத்துக்கெல்லாம் அது ஒரு வெள்ளைக் கல். சதீஷுக்கு அது ஒன்பதாம் காடு. அந்தக் கல்லில் ஏறிக் குதித்து விளையாடி வளர்ந்தவன் அவன்.

மறுநாள் விடியலில், பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு ஒன்பதாம் காட்டுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல. ஓடிப்போய்ப் பார்த்தபோது ஜீப்புகள் பாதையை அடைத்து நின்றன. குறுக்கே கிடந்த கொப்பு சக்கரத்தில் அரைபட்டு நாராகியிருந்தது. சூரியோதயம் பார்க்க வந்த கூட்டம் யானை பார்க்கத் திரும்பியிருந்தது. லைட்டுக்கும் சத்தத்துக்கும் மிரண்ட யானைகள் சோலைக்குள் ஓட, அவ்வளவு வேகமாக ஓடத் தெரியாத குட்டி, தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டியிருந்த கானுக்குள் விழுந்துவிட்டது. கானைச் சுற்றி ஆட்கள் குனிந்து நின்றார்கள். எல்லார் கையும் போனோடு நீண்டிருந்தது, தூக்கிவிட அல்ல. ஒருத்தி அதன் தலையைத் தடவி, "சோ ஸ்வீட்" என்றாள். மேலே சோலைக்குள்ளிருந்து தாய் பிளிறியது. இறங்கப் பார்ப்பதும், இத்தனை ஆட்களைக் கண்டு பின்வாங்குவதுமாக மரங்கள் அசைந்தன.

முத்துப்பேச்சி தேயிலைக்குள் விழுந்தடித்துப் போய் ஆட்களை விலக்கப் பார்த்தாள். யாரும் விலகவில்லை. ஃபாரஸ்ட்காரர்கள் வந்து கூட்டத்தைக் கலைத்து, குட்டியைக் கரையேற்றி, தாய் வருமென்று அன்று முழுக்கக் காத்திருந்தார்கள். தாய் கிட்டே வந்தது, மோந்து பார்த்தது, விலகிப் போய்விட்டது. எத்தனை பேர் கை பட்டிருந்ததோ, தன் குட்டியின் வாடை அதற்குத் தெரியவில்லை. குட்டி சோர்ந்து தலையைத் தொங்கப்போட்டதும், கம்பளியில் சுற்றி வண்டியில் ஏற்றிக் கீழே யானை முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

அழகுத்தாய் அன்றைக்கே மருமகனைக் கூப்பிட்டாள். "அத எடுத்துருங்க மாப்ள."

"எடுத்துப்போட்டனுங்க அத்தை. ஆனா அது இப்ப எங்கெங்கயோ போயிருச்சுங்க. என்ர கையில இல்லீங்க." அவன் குரலும் உடைந்திருந்தது.

சாயங்காலம் முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தயார்செய்திருந்தாள். முத்துப்பேச்சி அடுப்பு முன்னால் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சதீஷ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "ஒரு ஜோடிக்கு மட்டுந்தான் காட்டலாம்னு போனேன் சித்தி, பின்னாலயே எல்லாரும் வந்துட்டானுக" என்று சுவரிடம் சொன்னான்.

"தெரியாமப் பண்ணிட்டேன் பேச்சி."

"தெரிஞ்சுதான பண்ணுன" என்றாள் முத்துப்பேச்சி. கோபமாகச் சொல்லவில்லை. "எம் மகனும் இதுல இருக்கான். ஒன்னய மட்டும் என்னத்தச் சொல்ல. டீ குடிக்கியா?"

அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தாள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. பிடி சோறு கேட்டாலும் கொடுத்தார்கள். ஆனால் அவள் வந்தால் பேச்சு நின்றது. யார் மகள் பெரியவளானாள், யாருக்கு எங்கே வரன் பேசுகிறார்கள், யானைக் கூட்டம் எந்த மேட்டில் நிற்கிறது என்றெல்லாம் லயத்துக்கு லயம் கைமாறிப் போகும் சேதிகள் அவள் வாசலைத் தாண்டிப் போயின. காட்டில் அவளுக்கு இருபுறமும் ஒவ்வொரு வரிசை காலியாகவே இருந்தது. கேமராவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டாள். அப்படிச் செய்ததால் ஒன்றும் குறையவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

மழை தொடங்கிய வாரம் மருமகன் கூப்பிட்டான்.

"அத்தை, அந்தக் குட்டி..."

"தெரியும் மாப்ள" என்றாள். தெரிந்திருக்கவில்லை. ஆனால் அவன் அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. முகாமில் பாட்டில் பாலை அது வாயிலேயே வாங்கவில்லையாம். மோனிஷா போனை வாங்கி, "ஒன்மேல தப்பில்லம்மா" என்றாள். மகள் அப்படித்தான் சொல்லுவாள். அதைச் சொல்ல உரிமையுள்ளவர்கள் சொல்லவில்லை.

மறுநாள் காலை நல்ல மூடுபனி. அழகுத்தாய் வழக்கமான மேட்டுப் பாதையில் ஏறினாள். வளைவில் எல்லாரும் நின்று சேர்ந்து போவது வழக்கம். அங்கே ஒருவரும் இல்லை. நேரமாகிவிட்டதோ என்று எட்டி நடந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகுதான், ஈரப் புல்லில் தன்னுடையதைத் தவிர வேறு காலடியே இல்லை என்பதைக் கவனித்தாள். எல்லாரும் கீழ்ப் பாதையில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மேட்டுப் பாதை வேண்டாம் என்று காலையிலேயே சேதி போயிருக்கும். வேண்டுமென்று அவளை விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். அவளிடமும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதை நினைத்தபோது முதலில் வந்தது பயமல்ல, அழுகை. அதற்குள் யானை வாடை அடித்தது.

பனி விலகியபோது பெரியம்மா பாதையிலேயே நின்றாள். ஒரு தேயிலைச் செடிக்கு அடியில் தும்பிக்கையை விட்டுத் துழாவினாள். அடுத்த செடிக்கு நகர்ந்து அதன் அடியிலும் துழாவினாள். ஒவ்வொன்றாக, ஒரு செடியையும் விடாமல். கூட்டம் இல்லை, தனியாகத்தான் வந்திருந்தாள். காது ஒரு முறை விரிந்தது. அழகுத்தாயைப் பார்த்துவிட்டாள்.

ஓடக் கூடாது என்பது தெரியும். ஓட வேண்டும் என்றும் தோன்றவில்லை. கீழே எங்கோ, கொழுந்தெடுக்கிற பெண்களின் பேச்சு பனிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடவில்லை. இந்த மலையில் இவர்கள் இருவருக்குள் ஒருத்திக்குச் சேதி தெரியும், ஒருத்திக்குத் தெரியாது. தெரிந்தவள் எப்படிச் சொல்லுவாள்?

"நாந்தான் தாயி" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

பெரியம்மா இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றாள். அப்போதுதான் அழகுத்தாய் பார்த்தாள். முன்னங்கால்களுக்கு நடுவே இரண்டு முலையும் கனத்துத் தெறித்துப்போயிருந்தன. அதிலிருந்து பால் தானாக இறங்கி, காலில் ஒட்டிய சேற்றில் ஒரு கோடு போட்டு, சொட்டுச் சொட்டாகக் கீழே பாதையோரத் தேயிலை மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் இலை ஒரு முறை தாழ்ந்து, மறுபடி நிமிர்ந்தது.